துப்பாக்கியால் களிமண் தட்டு சுட எந்த சோக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் டபுள் ட்ராப்பில், அதாவது ஒரே நேரத்தில் வீசப்படும் இரண்டு களிமண் தட்டுகளைச் சுடும் பிரிவில், வெள்ளி வாங்கினார். 12 போர் (போர் என்பது குழல் அளவு) துப்பாக்கி என்றாலே வேட்டைக்காரர் சாமான் என்று நினைத்த பலருக்கு, இது விளையாட்டும்கூட என்று அப்போதுதான் தெரிந்தது. 2024 பாரிஸில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், விலகி ஓடும் தட்டைச் சுடும் ட்ராப்பில் சுட்ட பிறகு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் இன்னும் அதிகமாக விசாரிக்கிறார்கள். ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகம் சோக் பற்றியதுதான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாக விளங்கும்.

சோக்குன்னா என்ன சார்? அது இல்லாம சுட முடியாதா?

12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. குழல் முடிகிற இடத்தில், கடைசிச் சில செ.மீ. நீளத்துக்கு அந்த விட்டத்தைக் கொஞ்சம் குறுக்கியிருப்பார்கள். அந்தக் குறுக்கம்தான் சோக். தோட்டாவில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஈயக்குண்டுகள் குழலை விட்டு வெளியே வந்ததும் விரிய ஆரம்பிக்கும். எவ்வளவு சீக்கிரம் விரிய வேண்டும் என்பதை சோக் தீர்மானிக்கிறது.

சோக்கே இல்லாத குழலை சிலிண்டர் என்பார்கள். அதிலும் தாராளமாகச் சுடலாம், கிட்டத்துத் தட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் சோக் உள்ள துப்பாக்கியில், சோக்கைக் கழற்றிவிட்டு வெறும் குழலில் ஒருபோதும் சுடாதீர்கள். குழல் முனையில் உள்ள மரை கெட்டுப்போகும், குழலே பழுதாகலாம். சோக் வேண்டாம் என்றால் சிலிண்டர் சோக்கை மாட்டிக்கொண்டு சுட வேண்டும்.

கால், அரை, முக்கால், ஃபுல்னு சொல்றாங்க. பெட்டியில வேற ஏதோ பேர் போட்டிருக்கு. எது எது?

குறுக்கத்தைப் பாயின்ட் கணக்கில் சொல்வது வழக்கம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பாயின்ட். சிலிண்டர் 0, ஸ்கீட் 5, கால் 10, அரை 20, முக்கால் 30, ஃபுல் 40 பாயின்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இரண்டு மூன்று பாயின்ட் முன்னே பின்னே இருக்கும். அமெரிக்கப் பெட்டியில் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் என்று இருந்தால் கால், மாடிஃபைட் என்றால் அரை, இம்ப்ரூவ்ட் மாடிஃபைட் என்றால் முக்கால். இத்தாலிக்காரர்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கணக்காக வைத்து 5/10, 7/10, 10/10 என்று எழுதுவார்கள். அவை முறையே அரை, முக்கால், ஃபுல்.

சோக்கின் வாயோரத்தில் சின்னச் சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். பெரும்பாலான கம்பெனிகளில் ஒரு வெட்டு என்றால் ஃபுல், ஐந்து வெட்டு என்றால் சிலிண்டர். வெட்டு கூடக் கூட சோக் தளரும். புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஹோஸ் பைப் வாயை அழுத்தினா தண்ணி தூரமா பீச்சுதே, அதே மாதிரி ஃபுல் சோக் போட்டா குண்டு வேகமா, தூரமா போகுமா?

போகாது. வேகத்தைக் கொடுப்பது தோட்டாவில் உள்ள வெடிமருந்து. சோக்கால் வேகத்தில் வரும் மாற்றம் மிகச் சொற்பம், தட்டுக்கு அது தெரியவே தெரியாது. தூரத்தில் ஃபுல் நன்றாக உடைப்பதற்குக் காரணம், அங்கே போய்ச் சேரும்போதும் குண்டுகள் நெருக்கமாக இருப்பதுதான்.

அந்த நெருக்கத்தை அளக்க ஒரு பழைய முறை உண்டு. 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதக் குண்டுகள் விழுகின்றன என்று எண்ணுவார்கள். சிலிண்டரில் ஏறக்குறைய 40 சதவீதம், காலில் 50 முதல் 55, அரையில் 60, முக்காலில் 65, ஃபுல்லில் 70. சோக்கின் உண்மையான பெயர் இந்தச் சதவீதம்தான். மேலே எழுதியிருப்பது எதுவானாலும், தாளில் சுட்டுப் பார்த்து 60 விழுந்தால் அது அரை சோக்.

ஸ்கீட்டுக்கு எது போடணும்?

இரண்டு பக்கத்திலிருந்தும் குறுக்கே வீசப்படும் தட்டுகளைச் சுடுவது ஸ்கீட். இரண்டு குழலிலும் ஸ்கீட் சோக், இல்லையென்றால் சிலிண்டர். இதில் பெரிய யோசனைக்கு இடமில்லை. ஸ்கீட் மைதானத்தில் 1 முதல் 7 வரையிலான நிலையங்கள், தட்டுகள் குறுக்கே கடக்கும் இடத்திலிருந்து 19.2 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அமைந்திருக்கும். எட்டாவது நிலையத்தில் தட்டு தலைக்கு மேலேயே போய்விடும். ஆகத் தூரம் எப்போதும் குறைவுதான்.

20 கஜத்தில் சிலிண்டரின் விரிவு ஏறக்குறைய 80 செ.மீ., ஃபுல்லின் விரிவு 40 செ.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். ஸ்கீட்டில் ஃபுல் போட்டுச் சுடுகிறவர், கிடைக்க வேண்டிய இடத்தில் நான்கில் மூன்று பங்கைத் தானே விட்டுக்கொடுக்கிறார். தோட்டாவும் சின்னக் குண்டாக, 2 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். 24 கிராமில் ஏறக்குறைய 500 குண்டுகள் இருக்கும், அந்த விரிவை அவை தாராளமாக நிரப்பும்.

ட்ராப்புக்கு மட்டும் ஏன் எல்லாரும் இறுக்கமான சோக் சொல்றாங்க?

ஒலிம்பிக் ட்ராப்பில் சுடுபவர் நிற்கும் கோடு, எந்திரங்கள் இருக்கும் பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால். தட்டு 76 மீட்டர் வரை போகும்படி வீசப்படுகிறது, அதுவும் நம்மை விட்டு விலகி ஓடும். அதைப் பார்த்து, துப்பாக்கியை நகர்த்தி, விசையை இழுப்பதற்குள் அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். முதல் தோட்டா தவறி இரண்டாவதைப் போடும்போது 40 மீட்டர் பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. விலகி ஓடும் தட்டு நமக்கு முகம் காட்டாது, விளிம்பைத்தான் காட்டும். தட்டின் விட்டம் 11 செ.மீ., உயரம் 2.5 செ.மீ. ஆக விளிம்பாகத் தெரியும் பரப்பு சுமார் 25 சதுர செ.மீ.தான். 24 கிராம் தோட்டாவில் 2.4 மி.மீ. குண்டு ஏறக்குறைய 300 இருக்கும். ஃபுல் சோக்கில் 210 குண்டுகள் அந்த 30 அங்குல வட்டத்தில் விழுகின்றன. வட்டத்தின் பரப்பு சுமார் 4,500 சதுர செ.மீ. வகுத்துப் பாருங்கள், ஒரு தட்டு விளிம்புக்குச் சராசரியாக ஒரு குண்டுக்குக் கொஞ்சம் அதிகம். சிலிண்டரில் இதே கணக்கு போட்டால் முக்கால் குண்டுகூட வராது. அதாவது குறி சரியாகவே இருந்தாலும் தட்டு இடைவெளியில் நழுவிப் போக நிறைய வாய்ப்பு. நடுப்பகுதியில் நெருக்கம் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது உண்மைதான், இருந்தாலும் கணக்கு சொல்லும் பாடம் மாறாது.

அதனால் முதல் குழலில் முக்கால், இரண்டாவதில் ஃபுல் என்பது ட்ராப்பில் பரவலான அமைப்பு. மிக வேகமாகச் சுடுகிறவர்கள் முதலில் அரை வைத்துக்கொள்வதும் உண்டு. புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைகள் பொதுவாக மெதுவாகச் சுடுவார்கள், அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே முக்காலும் ஃபுல்லும் சரி. இறுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு ஒரு தோட்டாதான், எனவே முதல் குழலின் சோக்கைத் தேர்ந்தெடுப்பதில் அதிக அக்கறை வேண்டும்.

லண்டன்ல இருக்கேன் அண்ணா. இங்க ஸ்போர்ட்டிங்னு ஒண்ணு சுடறாங்க, தட்டு எங்கேயிருந்து வேணா வருது. அதுக்கு எது?

இங்கிலாந்தில் ஸ்போர்ட்டிங்தான் மக்கள் விளையாட்டு. ஒவ்வொரு நிலையத்திலும் வேறு தட்டு: தரையில் உருளும் முயல், நேராக மேலே எழும்புவது, தலைக்கு மேல் வருவது, தூரத்தில் குறுக்கே ஓடுவது. அளவும் மாறும், 90 மி.மீ. மிடி, 60 மி.மீ. மினி எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அமைப்பைச் சொல்லச் சொன்னால் முதல் குழலில் கால், இரண்டாவதில் அரை என்பேன். கிளப் மைதானத்தில் வரும் தட்டுகளில் பெரும்பாலானவை 20 முதல் 35 கஜத்துக்குள் இருக்கும், அந்தத் தூரத்துக்கு இது போதும்.

நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் தூரத்தை மட்டும் பார்க்காமல், தட்டு எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்றும் பாருங்கள். ட்ராப் கேள்வியில் விளிம்புக் கணக்கு சொன்னேன் அல்லவா? முழு முகம் காட்டும் தட்டின் பரப்பு 95 சதுர செ.மீ., கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முகம் காட்டி வரும் தட்டு 35 கஜத்தில் இருந்தாலும் கால் போதும். விளிம்பு காட்டும் தட்டு 30 கஜத்திலேயே அரை கேட்கும்.

ரெண்டு குழலுக்கும் வேற வேற சோக் போட்டா எதை முதல்ல சுடறது?

தட்டு விலகிப் போகிறது என்றால் தளர்ந்தது முதலில், இறுக்கமானது அப்புறம். நம்மை நோக்கி வருகிறது என்றால் தலைகீழ். பல ஓவர்-அண்டர் (ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் உள்ள) துப்பாக்கிகளில் எந்தக் குழல் முதலில் வெடிக்க வேண்டும் என்று மாற்றும் விசை சேஃப்டியோடு சேர்ந்தே இருக்கும். ட்ராப்புக்கென்றே செய்த சில துப்பாக்கிகளில் அது இருக்காது, கீழ்க்குழல்தான் முதலில். சோக் மாட்டும் முன் உங்களுடையதில் எது முதலில் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபுல்லைக் கீழேயும் முக்காலை மேலேயும் மாட்டிவிட்டு ஒரு சீசனையே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டோ துப்பாக்கிக்கு ஒரே குழல், ஆகையால் ஒரே சோக். ஸ்போர்ட்டிங்குக்கு அதில் கால் வைத்துக்கொள்ளலாம்.

தட்டு விழவே மாட்டேங்குது. சோக்கைத் தளர்த்தினா அதிகமா விழுமா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இது, இதற்குத்தான் அக்கறையோடு பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். 30 கஜத்தில் கால் சோக்கின் விரிவு ஏறக்குறைய 35 அங்குலம், அரையின் விரிவு 32. வித்தியாசம் 3 அங்குலம், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம், அதாவது 4 செ.மீ. கூடக் கிடையாது. இப்போது தட்டைப் பாருங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் குறுக்கே ஓடும் தட்டுக்கு, அந்தத் தூரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் முன்னால் வைத்துச் சுட வேண்டும். புதியவர்களின் பிழை அந்த ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. 4 செ.மீ. அதைக் காப்பாற்றாது.

தட்டு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: சுடும் கணத்தில் துப்பாக்கியை நிறுத்திவிடுவது, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்குவது, பார்வையைத் தட்டிலிருந்து எடுத்துக் குழல் முனைக்குக் கொண்டுவருவது. கட்டையின் நீளமும் உயரமும் உடம்புக்குப் பொருந்தாவிட்டாலும் இதே கதைதான். சோக் வாங்கும் காசுக்கு ஒரு நல்ல கோச்சிடம் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

சரி, அப்போ சோக் தப்புன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

உடைகிற தட்டு சொல்லும். ஒன்றிரண்டைப் பார்த்து முடிவு கட்டாமல், நிறையத் தட்டுகள் உடைவதைக் கவனியுங்கள். நல்ல குறியில் சுட்டதெல்லாம் இரண்டு மூன்று பெரிய துண்டாக மட்டுமே பிரிகிறது, அல்லது சில்லு பெயர்ந்து தட்டு முழுசாகவே பறந்துவிடுகிறது என்றால் குண்டுகள் கலைந்துபோயிருக்கின்றன. ஒரு படி இறுக்கிப் பாருங்கள். படும் தட்டெல்லாம் கரும்புகையாகப் பொடிந்து, படாதது சுத்தமாகத் தப்புகிறது என்றால் தேவைக்கு மேல் இறுக்கம். ஒரு படி தளர்த்தலாம்.

தட்டில் சில்லு எந்தப் பக்கம் பெயர்கிறது என்பதை வைத்துக் குறியின் பிழையையும் ஊகிக்கலாம். பின்பக்கமே பெயர்ந்துகொண்டிருந்தால் நீங்கள் பின்னால் சுடுகிறீர்கள். அது சோக்கின் குற்றமல்ல.

தாளில் சுட்டுப் பாருங்கன்னு சொல்றீங்களே, அதை எப்படிச் செய்யணும்?

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத தாள் வேண்டும், இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது. செய்தித்தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், ரேஞ்சு அதிகாரியின் அனுமதியும் வேண்டும். சதவீதம் தெரிய 36.6 மீட்டரில் சுடுங்கள். சுட்ட பிறகு, குண்டுகள் அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து 76 செ.மீ. விட்டத்தில் வட்டம் போடுங்கள். புள்ளியை நடுவாக வைத்துப் போடக்கூடாது. உள்ளே இருக்கும் ஓட்டைகளை எண்ணி, தோட்டாவில் உள்ள மொத்தக் குண்டுகளால் வகுக்க வேண்டும். மொத்தத்தை அறிய ஒரு தோட்டாவைப் பிரித்து எண்ணுவதே நம்பகமான வழி. அதைப் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது, மருந்தைத் தனியே எடுத்து வைத்துச் செய்யுங்கள்.

ஒரு தாளை நம்பாதீர்கள். ஒரே சோக், ஒரே தோட்டா என்றாலும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறும். ஐந்து தாளாவது சுட்டுச் சராசரி எடுங்கள். அதன்பின் நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கும் தூரத்திலும் சுட்டுப் பாருங்கள், ஏனென்றால் நமக்கு வேண்டியது அந்தத் தூரம்தான். குண்டுகளின் நடுவிடம் புள்ளியை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சோக் மாற்றும்போது அந்த நடுவிடமும் நகர்ந்தால், சோக்கோ மரையோ கோணலாக இருக்கிறது என்று அர்த்தம்.

தோட்டா மாத்தினா சோக்கையும் மாத்தணுமா?

சில நேரம் ஆம். மலிவான தோட்டாவில் ஈயம் மிருதுவாக இருக்கும், வெடிக்கும் வேகத்தில் குண்டுகள் நசுங்கும், நசுங்கியவை விலகி ஓடும். ஆன்ட்டிமனி கூடுதலாகச் சேர்த்த கெட்டியான ஈயம் உருண்டையாகவே இருந்து நெருக்கமாகப் போகும். குண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உள்ள தோட்டா, நார் அட்டை வைத்ததைவிடப் பொதுவாக நெருக்கம் தரும். அதனால் ஒரு தோட்டாவில் அரையாக நடக்கும் சோக் இன்னொன்றில் முக்காலாக நடக்கலாம். பயிற்சிக்கும் போட்டிக்கும் வேறு வேறு தோட்டா வைத்திருப்பவர்கள் இரண்டையும் தாளில் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டீல் தோட்டா கிடைச்சது. அதே ஃபுல் சோக்ல போடலாமா?

போடாதீர்கள். இரும்பு நசுங்காது. ஈயத்துக்கு ஏற்றபடி இறுக்கிய சோக்கில் அது போனால் சோக் உப்பலாம், குழலோடு சிக்கிக்கொள்ளலாம். அரைக்கு மேல் இறுக்கம் வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. அத்தோடு சோக்கிலோ கையேட்டிலோ ஸ்டீலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்காத குண்டு தானாகவே நெருக்கமாகப் போவதால் இறுக்கத்தின் தேவையும் குறைகிறது, கால் சோக்கே ஏறக்குறைய அரை மாதிரி நடக்கும். இரும்பு ஈயத்தைவிட எடை குறைவு, அதனால் ஒரு சைஸ் பெரிய குண்டு எடுப்பார்கள். டென்மார்க் போன்ற நாடுகளில் ஈயக்குண்டுக்கு 1996 முதலே தடை உள்ளதால், வெளிநாட்டில் சுடப் போகிறவர்களுக்கு இது அவசியமான விஷயம்.

தாத்தா காலத்து டபுள் பேரல் இருக்கு, லைசென்ஸும் இருக்கு. அதுல தட்டு சுடலாமா?

சோக்கை அப்புறம் பார்ப்போம், முதலில் தோட்டா இருக்கும் அறையின் நீளத்தைப் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அது 65 மி.மீ. ஆக இருக்கும். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மி.மீ. நீண்ட தோட்டா உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடித்து விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும், அது ஆபத்து. நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிச் சரி என்றால் மட்டும் சுடுங்கள்.

பக்கத்துப் பக்கத்துக் குழலுள்ள வேட்டைத் துப்பாக்கிகளில் வலது குழல் தளர்ந்தும் இடது குழல் இறுக்கமாகவும் இருப்பது வழக்கம். சோக் குழலோடு சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. இறுக்கத்தைக் குடைந்து தளர்த்த முடியும், தளர்ந்ததை மறுபடி இறுக்குவது பெரிய வேலை. ஆகவே தாளில் பார்க்காமல் யாரிடமும் குடையக் கொடுத்துவிடாதீர்கள்.

என் பொண்ணு 20 போர்ல சுடறா. சின்னத் துப்பாக்கிங்கறதால இறுக்கமா வைக்கணுமா?

விரிவு போரைப் பொறுத்து பெரிதாக மாறுவதில்லை. 20 போரில் அரை சோக்கும் 12 போரில் அரை சோக்கும் அதே 60 சதவீதம்தான். குழல் சின்னது என்பதால் அதே சதவீதத்துக்குப் பாயின்ட் குறைவாகப் போதும், அவ்வளவே. குறைவது குண்டுகளின் மொத்த எண்ணிக்கை. தூரத் தட்டுக்கு ஒரு படி இறுக்கினால் நெருக்கம் ஈடாகும். ஸ்கீட்டில் அதுவும் வேண்டாம், பிள்ளைக்கு விரிவு கிடைக்கட்டும்.

வேற கம்பெனி சோக் மரைல ஏறுது. போட்டுக்கலாமா?

கூடாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பல வகை உண்டு. பெரெட்டாவின் மொபில்சோக்கும் ஆப்டிமாசோக்கும் வேறு வேறு. மரையில் ஏறினாலும் உள்ளே விளிம்பு குழலைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நின்றால் குண்டுகள் அதில் மோதும். உங்கள் துப்பாக்கிக்கு என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். வெளியே நீண்டிருக்கும் விலை கூடிய சோக்குகளில் எனக்குத் தெரிந்த உறுதியான லாபம், கையாலேயே கழற்றலாம் என்பது. நெருக்கம் கூடுகிறதா என்று தாள்தான் சொல்ல வேண்டும்.

சோக் கேஜ் போட்டுப் பாத்தா அரைன்னு காட்டுது, தாள்ல முக்கால் விழுது. எதை நம்பறது?

தாளை. குழல் வாயில் நுழைத்துப் பார்க்கும் கேஜ், வாயின் விட்டத்தை மட்டும் அளக்கிறது. சோக் என்பதோ குழலின் உள்விட்டத்துக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசம். வாய் 0.715 அங்குலம் என்று வையுங்கள். உள்விட்டம் 0.735 ஆக இருக்கும் குழலில் அது 20 பாயின்ட், அரை சோக். 0.725 ஆக இருக்கும் குழலில் அதே வாய் 10 பாயின்ட், வெறும் கால். 12 போர் குழல்களில் இந்த அளவு வித்தியாசம் சாதாரணம். உள்விட்டத்தையும் அளக்கும் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும், இரண்டையும் அளந்து கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால் தோட்டாவால் வந்தது, அதைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

சோக் இறுகிப்போய்க் கழல மாட்டேங்குது, என்ன செய்ய?

துப்பாக்கி காலியா என்று முதலில் திறந்து பாருங்கள். பிறகு மரை ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, குழலை வாய் மேலாக நிறுத்தி ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் அதற்குரிய சாவியால், நிதானமாக. இடுக்கி வைத்துத் திருகினால் சோக் நெளியும். அதற்கும் வரவில்லை என்றால் மெக்கானிக். இனி இப்படி ஆகாமலிருக்க, சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைத்து, மரையில் லேசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். உள்ளே படியும் பிளாஸ்டிக் கறையையும் பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னும் சோக் இறுக்கமாக இருக்கிறதா என்று சாவியால் ஒரு தடவை பாருங்கள், தொடர்ந்து சுடும்போது அது தளரும்.